ரெங்கம்: ஊரின் பெயர் மட்டுமல்ல, ஒரு மண்ணின் பெயரும்கூட



ஜொகூரில் ரெங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், குளுவாங் மாவட்டத்தில், லாயாங் லாயாங் போகும் வழியில் என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். சுற்றிலும் தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பால் மரம் வெட்டிய ஊர். ஆனால் இதே ரெங்கம் பேராக்கிலும் இருக்கிறது, சிலாங்கூரிலும் இருக்கிறது, நெகிரி செம்பிலானிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஊராக அல்ல, மண்ணாக!

ஆம், மண் ஆய்வாளர்கள் 'ரெங்கம் தொடர்' என்று ஒரு மண்ணுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் கருங்கல் பாறையிலிருந்து உண்டான மண்களுள் மிகப் பரவலானவற்றில் இதுவும் ஒன்று. 'சிகாமட் தொடர்', 'கூலாய் தொடர்', 'யோங் பெங் தொடர்', 'பத்து அன்னம் தொடர்' என்று நம் மாநிலத்து ஊர்ப் பெயர்கள் பல, மண்ணின் பெயர்களாக நாடு முழுவதும் வழங்குகின்றன. ஒரு மண் எந்த ஊரில் முதன்முதலாக முறைப்படி விவரிக்கப்பட்டதோ, அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். பிறகு அதே குணமுள்ள மண் எங்கே கிடைத்தாலும் அந்தப் பெயர்தான்.

மண்ணுக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். ஓய்வு பெற்ற பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி டுரியான் போடலாம், செம்பனை போடலாம் என்று திட்டமிடும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அந்த நிலத்தின் பெயர் தெரியாமல் பணத்தைப் போடுவது, ஒருவரின் குணம் தெரியாமல் சம்பந்தம் பேசுவதைப் போன்றது. ஆகவே மண்ணை எப்படி வகை பிரிக்கிறார்கள், ஜொகூரின் மண் எத்தகையது என்பதை இன்று பார்ப்போம்.

நம் முன்னோரின் மண் கணக்கு

மண்ணை வகை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. கரிசல், செவ்வல், வண்டல், களி, உவர், களர் என்று தமிழில் எத்தனை சொற்கள்! ஒவ்வொரு சொல்லிலும் ஒரு விவசாயியின் அனுபவம் அடங்கியிருக்கிறது. கரிசல் என்றால் பருத்தி, செம்மண் என்றால் கடலை, வண்டல் என்றால் நெல் என்று சொல்லாமலே புரிந்துவிடும்.

சங்க இலக்கியத்தின் ஐந்திணையும் நிலத்தைப் பார்த்துச் செய்த பகுப்புதான். இதில் பாலைக்கு மட்டும் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு தம் இயல்பை இழக்கும்போது பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது பாலை என்பது ஓர் இடம் அல்ல, தண்ணீர் இல்லாத ஒரு நிலை. இன்றைய மண் அறிவியலும் ஏறக்குறைய இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரஷ்ய அறிஞர் வசீலி டோக்குச்சாயேவ் 1883ஆம் ஆண்டு அந்நாட்டுக் கருமண்ணைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதுவரை மண் என்றால் நொறுங்கிய பாறை என்றுதான் பலர் நினைத்திருந்தனர். அவரோ, மண் தனக்கென்று பிறப்பும் வளர்ச்சியும் உள்ள ஓர் இயற்கைப் பொருள் என்றார். பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடு பள்ளம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன. பின்னர் 1941இல் ஹான்ஸ் யென்னி என்பவர் இந்த ஐந்தையும் ஒரு வாய்பாடாகவே எழுதி வைத்தார்.

தண்ணீர் மேலே போகிறதா, கீழே போகிறதா?

ஐந்து காரணிகளில் நமக்கு மிக முக்கியமானது தட்பவெப்பம். அதைப் புரிந்துகொள்ள ஒரு பாலைவனத்தையும் ஜொகூரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் தார் பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள ஜோத்பூரில் ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. வறண்ட நிலங்களை ஆராயும் மத்திய ஆய்வுக் கழகம் அங்கேதான் இருக்கிறது. பெய்கிற சிறு மழை மண்ணில் கொஞ்ச தூரம் இறங்கும். வெயில் அதை மீண்டும் மேலே இழுத்துவிடும். தண்ணீர் ஆவியாகும், அது சுமந்து வந்த சுண்ணாம்பும் உப்பும் மண்ணிலேயே தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்து, மேல்மண்ணுக்கு அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடுக்கு உருவாகிறது. தமிழ்நாட்டு விவசாயிகள் இத்தகைய சுண்ணாம்புக் கட்டிகளைச் 'சுக்கான்' என்பார்கள். அந்த அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கே எந்தப் புல் முளைக்கும், எத்தனை ஆடு மாடு மேயலாம் என்பது தீர்மானமாகிறது.

ஜொகூரில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். இங்கே தண்ணீரின் பயணம் கீழ்நோக்கியது. போகிற போக்கில் சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும்தான் பின்தங்கும். இரும்பு துருப்பிடித்து மஞ்சளும் சிவப்புமாக நிறம் கொடுக்கிறது. அலுமினியம் மண்ணைப் புளிக்க வைக்கிறது. நம் மேட்டு நில மண்ணின் அமில அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில்தான்.

பாலைவன மண்ணில் சத்து இருக்கும், தண்ணீர் இருக்காது. நம் மண்ணில் தண்ணீர் இருக்கும், சத்து இருக்காது. பச்சைப் பசேலென்று காடு நிற்பதைப் பார்த்து, 'ஆகா, எவ்வளவு செழிப்பான மண்' என்று நினைப்பது தவறு. அந்தக் காட்டின் சத்தில் பெரும்பகுதி மரத்திலும் உதிர்ந்த இலையிலும்தான் இருக்கிறது. காட்டை அழித்து எரித்தால் ஓரிரு ஆண்டுகளில் மண்ணின் உண்மையான வறுமை வெளியே தெரிந்துவிடும்.

மண்ணுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

மண் ஆய்வாளர் முதலில் ஒரு குழி வெட்டுவார். ஒரு மனிதர் உள்ளே நின்று பார்க்கும் அளவுக்கு ஆழமாக இருக்கும். குழியின் சுவரைச் சீவி விட்டால், அடுக்கடுக்காக நிறம் மாறுவது தெரியும். மேலே இலைமக்கு கலந்த கருத்த மண். அடுத்து வெளிறிய அடுக்கு. அதன் கீழே களி இறங்கித் தேங்கிய அடுக்கு. அடியில் பாதி உளுத்த பாறை.

ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் 'மன்செல்' என்ற வண்ணப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எண்ணாகக் குறிப்பார். பிறகு ஈர மண்ணைக் கையில் எடுத்துப் பிசைவார். கட்டை விரலால் நாடா போலத் தள்ளினால் நீளமாக வருகிறதா, உடனே உடைகிறதா? நீளமாக வந்தால் களி அதிகம். நறநறவென்றால் மணல். மாவு போல வழுவழுப்பாக இருந்தால் வண்டல். இவற்றோடு வேர் எவ்வளவு ஆழம் போகிறது, தண்ணீர் வடிகிறதா, கல் இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொண்டு, மண் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்.

ஒரே மாதிரியான பாறையில் பிறந்து, ஒரே மாதிரியான அடுக்குகளைக் கொண்ட மண்ணெல்லாம் ஒரு 'தொடர்'. இது உள்ளூர்ப் பெயர். இதைத் தவிர உலகப் பெயரும் ஒன்று உண்டு. அமெரிக்க விவசாயத் துறை 1975இல் வெளியிட்ட மண் வகைப்பாட்டு முறை இன்று உலகின் மண்ணையெல்லாம் 12 பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. பாலைவன மண் 'அரிடிசோல்'. கரிசல் மண் 'வெர்டிசோல்'. நம் நாட்டு நிலப்பரப்பில் சுமார் 70 விழுக்காடு 'அல்டிசோல்', 'ஆக்சிசோல்' என்ற இரண்டு பிரிவுகளுக்குள் அடங்கிவிடும். இரண்டுமே நெடுங்காலம் மழையில் கழுவப்பட்ட முதிய மண்கள்.

இந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரெங்கம் மண்ணுக்கு முன்பு 'பேலியுடல்ட்' என்று பெயர். இதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 'அல்ட்' என்றால் அல்டிசோல் குடும்பம். நடுவிலுள்ள 'உட்' என்றால் ஈரமான தட்பவெப்பம். 'பேலி' என்றால் மிகப் பழையது. பின்னாளில் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்த களி அடுக்குக்குத் தனி இடம் கொடுத்தபோது, அதே மண் 'காண்டியுடல்ட்' என்று மாறியது. உலகப் பெயர் மாறினாலும் ரெங்கம் என்ற பெயர் மாறவில்லை.

இந்தத் துறையில் நம்மவர் பங்கும் உண்டு என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 1968ஆம் ஆண்டு மலாயாவின் மண் வரைபடம் பற்றிய முக்கியமான கட்டுரையை எழுதிய இருவர் லா வெய் மின்னும் கே. செல்வதுரையும் ஆவர். அதன் பிறகு, 2000ஆம் ஆண்டில் மலேசிய மண்களின் தன்மைகளையும் அடையாளங்களையும் தொகுத்து விரிவான நூல் எழுதியவர் டாக்டர் எஸ். பரமானந்தன். மலேசிய அறிவியல் கழகம் அதனை வெளியிட்டது.

ஜொகூரின் மண் குடும்பங்கள்

முதலில் ரெங்கம். கருங்கல் பாறை உளுத்து உண்டானது. பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். கையில் எடுத்தால் களியோடு கரடுமுரடான மணலும் தட்டுப்படும். ஆழமான மண், தண்ணீர் நன்றாக வடியும். ரப்பருக்கும் செம்பனைக்கும் பழமரங்களுக்கும் ஏற்றது. குறை என்னவென்றால், சத்தைப் பிடித்து வைக்கும் திறன் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் மூட்டை மூட்டையாக உரம் போட்டால் அடுத்த பெருமழையில் பாதி சாக்கடைக்குப் போய்விடும். சிறிது சிறிதாகப் பல தடவை போட வேண்டும்.

அடுத்தது சிகாமட். எரிமலைப் பாறையில் பிறந்த செம்பழுப்புக் களி. உலக முறையில் இது ஆக்சிசோல். களி என்றாலும் பொலபொலவென்று உதிரும். வேர் தாராளமாக ஓடும். ஆனால் இதிலுள்ள இரும்பு, நாம் போடும் பாஸ்பரஸ் உரத்தைப் பிடித்துக்கொண்டு செடிக்கு எளிதில் விடாது.

மூன்றாவது பத்து அன்னம். களிப்பாறையில் உண்டான, வெளிறிய, இறுகிய மண். தண்ணீர் மெதுவாகவே வடியும். மழைக்காலத்தில் வேர் மூச்சுத் திணறும். இங்கே வடிகால்தான் முதல் வேலை.

நான்காவது சரளை மண். இதற்கு 'மலாக்கா தொடர்' என்று பெயர். மேலிருந்தே செம்புரைக்கல் சரளை தொடங்கிவிடும். பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரம் வட்டாரத்தில் தாம் பார்த்த இந்தக் கல்லுக்கு 1807இல், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். சாலை போட நல்ல பொருள். ஆனால் வேர் இறங்க இடமில்லை. வெயில் நாளில் தண்ணீரும் நிற்காது.

மழை நாட்டில் ஒரு பாலை

ஐந்தாவது, மெர்சிங் போன்ற கிழக்குக் கரையோரப் பகுதிகளில் உள்ள 'பிரிஸ்' மண். கடல் அலை குவித்த மணல் மேடுகளும், இடையிடையே பள்ளங்களும் கொண்டது. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையிலும் இது நீண்டு கிடக்கிறது. பெரும்பாலும் வெறும் மணல்தான். எவ்வளவு மழை பெய்தாலும் சல்லடையில் ஊற்றிய தண்ணீர்போல இறங்கிவிடும். நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாத அளவுக்குச் சுடும். சிலப்பதிகாரம் சொன்ன பாலை இதுதானோ என்று தோன்றும்!

தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காடு இதற்கு உறவுக்காரன் எனலாம். காற்று குவித்த மணல் மேடுகள். மணலின் மேல் படிந்த இரும்புத் துரு அதைச் சிவப்பாக்கியது. அங்கே மக்களுக்குப் பனை வாழ்வு கொடுத்தது. இங்கே தென்னையும் முந்திரியும் தர்ப்பூசணியும் அந்த வேலையைச் செய்கின்றன. மண்ணை மாற்ற முடியாதபோது பயிரை மாற்றுவதே அறிவுடைமை.

அமிழ்ந்து போகும் நிலம்

இனி நாம் கவலையோடு பேச வேண்டிய மண்ணுக்கு வருவோம். பொந்தியான், பத்து பகாட் போன்ற மேற்குக் கரைப் பகுதிகளில் 'தானா கம்புட்' என்று மலாய் மொழியில் சொல்லப்படும் கரிச்சேற்று மண் இருக்கிறது. இது பாறையிலிருந்து வந்ததே அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேங்கிய நீரில் விழுந்த மரமும் இலையும் முழுதாக மக்காமல் குவிந்தது. உலக முறையில் இதன் பெயர் 'ஹிஸ்டோசோல்'. இதன் தரத்தை அறிய ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தாலே போதும். தெளிந்த நீர் வந்தால் மக்காதது. விரலிடுக்கில் கூழ்போல மண்ணே பிதுங்கினால் நன்கு மக்கியது. சுவீடன் நாட்டு அறிஞர் வான் போஸ்ட் இதைப் பத்துப் படிகளாகவே வகுத்து வைத்தார்.

நாட்டின் அன்னாசிப் பழத்துக்குப் பேர்போன மாநிலம் ஜொகூர். அதில் பொந்தியான் வட்டாரக் கரிச்சேற்று நிலத்தின் பங்கு பெரிது. அன்னாசி புளித்த மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பிற பயிர்களுக்காக ஆழமான வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. நீர் வடிந்தால் காற்று உள்ளே நுழையும். காற்று நுழைந்தால் பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு மக்கிக் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நிலமே தாழ்ந்து போகும்.

மேற்கு ஜொகூரில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. நீர் வடிக்கத் தொடங்கி 14 முதல் 28 ஆண்டுகள் வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 4.6 சென்டிமீட்டரும், அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டரும் நிலம் தாழ்ந்ததாக அது கண்டது. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். ஒரு செம்பனை மரத்தின் ஆயுள் 25 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் அரை மீட்டர்! தாத்தா வாங்கிய நிலம் பேரன் கைக்கு வரும்போது ஒரு மீட்டர் பள்ளத்தில் இருக்கும். வேர் வெளியே தெரிந்து மரம் சாயும். கடலுக்கும் நிலத்துக்கும் உயர வேறுபாடு குறைந்து, வெள்ளம் வடிய வழியில்லாமல் போகும். காய்ந்த கரிச்சேறு தீப்பிடித்தால், மேலே அணைந்தாலும் உள்ளே பல நாள் புகையும். புகைமூட்டத்தின் வேதனை நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே இந்த நிலத்தில் நீரை முழுதாக வடிக்கக் கூடாது. வாய்க்காலில் தடுப்பு வைத்து, நீர்மட்டத்தைத் தரையிலிருந்து சுமார் 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தும்படி செம்பனை பயிரிடுவோருக்குப் பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது.

இதே கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய கண்டல் காட்டுச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் தாது ஒளிந்திருக்கும். நீருக்குள் இருக்கும் வரை அது சாது. வாய்க்கால் வெட்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறிவிடும். மண்ணின் அமில அளவு 3.5க்கும் கீழே போகும். குழி வெட்டினால் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிவதும், வாய்க்கால் நீர் துருநிறமாக ஓடுவதும் இதன் அடையாளம். இங்கேயும் மருந்து ஒன்றுதான்: பைரைட் இருக்கும் அடுக்கு காய்ந்துவிடாதபடி நீர்மட்டத்தைக் காக்க வேண்டும்.

கிராண்டில் இல்லாத தகவல்

நிலம் வாங்குகிறவர் கிராண்டைப் பார்க்கிறார். அதில் பரப்பளவு இருக்கும், எல்லை இருக்கும், விவசாயமா கட்டடமா தொழிலா என்ற பயன்பாடும் இருக்கும். மண்ணின் பெயர் மட்டும் இருக்காது. பெரிய நிறுவனங்கள் நிலத்தில் கால் வைக்கும் முன்பே மண் ஆய்வு செய்துவிடுகின்றன. இரண்டு ஏக்கர்க்காரர்தான் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து அதே உரத்தை அதே அளவில் போடுகிறார். பக்கத்தில் இருப்பது ரெங்கமாகவும் நம்முடையது மலாக்காச் சரளையாகவும் இருந்தால், போட்ட பணம் என்ன ஆகும்?

சரி, என்ன செய்யலாம்? வாங்கும் முன்பே அந்த இடம் எந்த மண் தொடரில் வருகிறது என்று விவசாய இலாகாவில் விசாரியுங்கள். மழை பெய்த மறுநாள் நிலத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். சரளை தட்டுகிறதா, மஞ்சள் புள்ளி தெரிகிறதா, கரிச்சேறு வருகிறதா என்று பார்க்க அது போதும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் அள்ளக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து, இருபது இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்ப வேண்டும். உரம் போட்ட வட்டம், குப்பை எரித்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேடும் பள்ளமும் இருந்தால் தனித்தனி மாதிரி அவசியம். முடிவு வந்த பிறகு சுண்ணாம்பு எவ்வளவு, உரம் எவ்வளவு என்று அதிகாரிகளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு எந்த நிரையில் பால் அதிகம், எந்தச் சரிவில் மரம் வாடும் என்பதெல்லாம் அத்துப்படி. மண் தொடரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது; குணம் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்ட பிறகு அந்த அறிவும் சிதறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் இருந்தால், நிலம் பார்க்கப் போகும்போது அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்ப்பார். மண் ஆய்வாளர் செய்கிற முதல் சோதனையும் அதுதான்.